தலைவர் வைத்த விருந்து

கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றாமலே அந்தப் பெரிய அதிகாரி மைக்கைக் கையில் எடுத்து, "அடா பந்தாஹான்?" என்று கேட்டார். ஆட்சேபம் ஏதும் உண்டா என்று அர்த்தம். மண்டபத்தில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்பக்கம் சமையல் கட்டு வாசலில், கையில் ஒட்டிய வடை மாவைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் தலைவரைப் பார்த்தார். தலைவர் இரண்டு கைகளையும் கூப்பி, சிரித்த முகமாகத் தலையைச் சாய்த்தார். அதிகாரியும் சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண் எதையோ எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். எங்கள் ரயில் கேட் அந்த இடத்திலேயே மூடியாகிவிட்டது. அது எங்களுக்குத் தெரிய வர ரொம்ப நாள் ஆனது.

எங்கள் ஊர் மலேசியாவில், ஜொகூரில், குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ரயில் ஊர். தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டுகிறது. அந்தப் பக்கம் கடைத்தெரு, கிளினிக், பள்ளிக்கூடம், பாசார் என்கிற சந்தை, பஸ் நிற்கிற இடம். இந்தப் பக்கம், நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகு எங்களுக்குக் கிடைத்த மலிவு வீடுகள், மாரியம்மன் கோயில், ஒரு பொது மண்டபம், அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை மரங்கள். நடுவில் கேட். ரயில் வரும்போது கேட்டுக்காரர் கட்டையை இறக்குவார், போனதும் தூக்குவார். நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் நடந்து வருவோம். கார் இல்லாத பெண்களுக்கு அதுதான் உலகம். இரட்டைத் தண்டவாளம் வரப்போகிறது, மின்சார ரயில் ஓடப்போகிறது, அதனால் தரையோடு இருக்கிற கேட்டையெல்லாம் எடுத்துவிட்டு, தூரத்தில் வண்டிகளுக்கு ஒரு மேம்பாலம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்குத்தான் அந்தக் கூட்டம். மக்களின் கருத்தைக் கேட்கிறார்களாம்.

தலைவர் என்று நான் சொல்வது கோயில் தலைவரை. எனக்கு அவர் சொந்தக்காரர் இல்லை. ஆனாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து வீடு. தோட்டத்தில் இருந்தபோது ரப்பர் பால் காய்ச்சுகிற ஸ்டோரில் மண்டோராக, மேற்பார்வை வேலை பார்த்தவர். உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். யார் வீட்டுக்கு வந்தாலும் அவருடைய முதல் பேச்சு "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். கோயில் விருந்தில் கடைசி ஆள் எழுந்து கை கழுவிய பிறகுதான் அவர் இலையில் உட்காருவார். சாப்பிட உட்கார்ந்தவரை, வீட்டில் தீப்பிடித்தாலொழிய எழுப்பக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே வராது. அதனால் கோயில் சமையல் கட்டில்தான் என் இடம். இதெல்லாம் அங்கிருந்து பார்த்தது.

கூட்டம் என்று கடிதம் வந்ததுமே தலைவர் எங்களைக் கூப்பிட்டு விட்டார். வருகிறவர்கள் நம் விருந்தாளிகள் என்றார். வருகிறவர்களில் மலாய்க்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் மனதில் ஒரு சின்ன சங்கடமும் வரக் கூடாது என்று, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாய் கடையில் பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். வடையும் பாயசமும் நாங்கள் செய்யலாம், ஆனால் புதுச் சட்டியில் என்றார். புதுச் சட்டி வந்தது. மாலைகள் வந்தன. சால்வைகள் வந்தன. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. இடது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. வாரம் தவறாமல் கிளினிக்குக்கு நடந்து போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவாள். சட்டியைக் கழுவிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"ஏன் தலைவரே, கேட்டை மூட வர்றவங்களுக்கு இவ்ளோ தடபுடலா? சம்பந்தம் பேச வர்றாங்களா என்ன?"

"நீ சும்மா இரு. கேக்குற வெதமா கேட்டா எல்லாம் கெடைக்கும்."

"எப்ப கேப்பீங்க?"

"சாப்பிட்ட பெறகு."

அவர் அப்படிச் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. தோட்டத்தில் துரையிடம் எதையாவது கேட்க வேண்டும் என்றால் நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது. கூட்டத்தில் கேட்டால் துரைக்கு முகம் போய்விடும், மாட்டேன் என்றுதான் சொல்வார். முதலில் மாலை, எலுமிச்சம்பழம். அப்புறம் மரியாதை. எல்லாம் முடிந்து அவர் காரில் ஏறப் போகிற நேரத்தில், தனியாக, குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை. இந்த விதத்தில்தான் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. பிள்ளைக் கொட்டகைக்குக் கூரை மாறியது. கோயிலுக்கு நிலம் கிடைத்ததும் இப்படித்தான். அவருடைய வாழ்நாள் முழுக்க அது பலித்திருக்கிறது. இந்த முறை பலிக்காது என்று அவர் எப்படி நினைப்பார்?

அதிகாரிகள் வந்தார்கள். நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை. சால்வை போர்த்தி, மாலை போட்டு, பன்னீர் தெளித்து உள்ளே அழைத்துப் போனார்கள். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டினார்கள். ஒரு சீன இன்ஜினியர் குச்சியால் காட்டிக் காட்டி விளக்கினார். நீலக் கோடு தண்டவாளம், சிவப்புக் கோடு வேலி. சிவப்புக் கோடு எங்கள் கேட்டின் மேல் நேராகப் போயிருந்தது. அதைச் சமையல் கட்டு வாசலிலிருந்தே பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பெரிய அதிகாரி எழுந்து ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நம் வீட்டுக்கு வந்து, நம் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்து, எல்லார் முன்னாலும் 'முடியாது' என்று எப்படிச் சொல்வது? கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அதே நினைப்புத்தான். தலைவர் அப்புறம் பேசிக்கொள்வார் என்று எல்லாரும் தலைவர் முகத்தையே பார்த்தார்கள்.

விருந்து நடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்கிற ஒரு பையன் லீவில் வந்திருந்தான். கொஞ்சம் துடிப்பானவன். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரியிடம் போய், "துவான், அந்த கேட் விஷயம்..." என்று ஆரம்பித்துவிட்டான். தலைவர் பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்தார்.

"டேய், சாப்பிடுற மனுஷன்கிட்ட போயி என்னடா பேச்சு? சாப்பிட விடுப்பா."

பையன் முணுமுணுத்துக்கொண்டே போனான். எல்லாரும் சாப்பிட்டு, கை கழுவி, பெரிய அதிகாரி காரில் ஏறப் போகும்போது, தலைவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார். நான் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் நின்றேன், காதால் கேட்டேன். எங்கள் பெண்கள் கிளினிக்குக்கு நடந்து போகிறவர்கள், கேட்டை மூடினாலும் நடக்க ஒரு வழி மட்டும் விடுங்கள் என்று மலாயில் அழகாக, தாழ்மையாகக் கேட்டார். அதிகாரி அவர் கையைப் பிடித்து, "போலே, போலே. கீத்தா தெங்கோ" என்றார். முடியும், முடியும், பார்ப்போம் என்று. தலைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உள்ளே வந்து அக்காவிடம், "கேட்டுட்டேன். சரின்னுட்டாரு" என்றார்.

பிறகு இரும்பு வேலி வந்தது. கேட் இருந்த இடத்தில் பள்ளம் தோண்டினார்கள். நடக்கிற வழி எங்கே என்று கேட்டால், வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையன்களுக்குத் தெரியவில்லை. தலைவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். அக்காவுக்கும் அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியிருந்ததால், துணைக்கு நானும் அவர் காரில் போனேன். அந்தப் பெரிய அதிகாரி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நல்ல மனிதர். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஃபைலை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். உங்கள் ஊரில் ஆட்சேபம் எதுவும் வரவில்லையே என்றார்.

தலைவர் சொன்னார், சாப்பிட்ட பிறகு நான் உங்களிடம் சொன்னேனே, துவான்.

அதிகாரி யோசித்துப் பார்த்தார். நினைவு வந்தது. முகம் வாடிவிட்டது. பக்சிக், பெரியவரே, அது சாப்பாடு முடிந்து போகிற நேரத்தில் பேசியதல்லவா, கூட்டத்தில் நான் மைக் வைத்துக் கேட்டபோது யாரும் சொல்லவில்லையே, கூட்டத்தில் சொன்னதைத்தான் மேலே அனுப்ப முடியும் என்றார். நீங்கள் சிரித்துத் தலையாட்டினீர்கள், அதனால் எல்லாருக்கும் சம்மதம் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். தலைவர் தேத்தண்ணீரை முழுக்கக் குடித்தார். குடிக்காமல் வைத்தால் அவர் மனம் புண்படும் என்று குடித்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவால் சும்மா இருக்க முடியுமா? "வடையையும் பாயசத்தையும் குடுத்து வழியையும் சேத்துப் பொட்டலம் கட்டிக் குடுத்தாச்சு. சால்வை மட்டுந்தான் பாக்கி, எனக்குப் போத்தி விடுங்க" என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "சரி, வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரில பேரைக் கூப்பிட்டுருவாங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போவது என்றால் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லாரிகள் போகிற ரோடு. நடக்க ஓரம் கிடையாது. கண்ணுக்கு எதிரே வேலிக்கு அந்தப் பக்கம் கிளினிக்கின் பச்சைக் கூரை தெரியும். கூப்பிட்டால் நர்சுக்குக் கேட்கும். ஆனால் போக முடியாது. தலைவருக்கு ஒரு பழைய கார் இருந்ததால் அக்கா தப்பித்தாள். கார் இல்லாத வீட்டில் புண் வந்தவர்கள் வீட்டிலேயே கட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கொஞ்ச காலம் கழித்து இன்னொரு கூட்டம் போட்டார்கள், அதே மண்டபத்தில். ஆள் நடக்கும் பாலம் எங்கெங்கே வேண்டும் என்று கேட்கப் போகிறார்களாம். தலைவர் சமையல் கட்டுக்கு வந்து நின்றார். நாங்கள் தேங்காய் துருவ உட்கார்ந்திருந்தோம்.

"இந்தத் தடவ அடுப்பு பத்த வைக்காதீங்கம்மா."

எனக்குப் புரியவில்லை. "காப்பி மட்டும் போடவாண்ணே?" என்றேன்.

"வேணாம். தண்ணி கூட வேணாம். நம்ம சோறு அவங்க வயித்துல இருந்தா நம்ம வாயி தொறக்காது."

அவர் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். துருவிய தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

அன்றைக்கு நல்ல வெயில். வந்தவர்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். வேறு அதிகாரி, இந்த முறை ஒரு பெண்; வேறு இன்ஜினியர். தலைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தால், இவர் பாதி எழுந்து, பிறகு உட்காருவார். அவர் கைகள் மடியில் கிடந்து தவித்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பரிமாறிப் பழகிய கை. கடைசியில் அவருடைய முறை வந்தது. பேசுகிறவர்கள் சுருக்கமாகப் பேசி முடிக்க வேண்டும், நேரம் முடிந்தால் மணி அடிக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மேடையில் பேசுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மாண்புமிகுவில் ஆரம்பித்து, வந்திருக்கிற அதிகாரிகளை ஒவ்வொருவராகப் பதவியோடு சொல்லி வணங்கி, பிறகு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம், மகளிர் பிரிவு, திருவிழாவுக்குத் தேர் இழுக்கிற குழு வரை விடாமல் சொல்ல வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் அந்த ஆள் அடுத்த வருடம் கோயில் பக்கம் வர மாட்டான். தலைவர் அத்தனையும் முறையாகச் சொன்னார். சோறு போடாததற்கு மனதில் இருந்த குறையையும் சேர்த்து மரியாதையாகவே கொட்டினார் என்று நினைக்கிறேன். தேர்க் குழுவுக்கு வணக்கம் சொல்லி முடித்து, "நான் சொல்ல வந்தது என்னவென்றால்..." என்றபோது மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் அதிகாரி பணிவாக, "மாஆஃப், பக்சிக், மாசா சுடா ஹாபிஸ்" என்றாள். நேரம் முடிந்துவிட்டது.

தலைவர் அப்படியே நின்றார். மைக்கைக் கொடுக்கவும் தெரியவில்லை, பேசவும் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பையன் சிரித்தான். அப்போது நடுவிலிருந்து அக்கா எழுந்தாள். கட்டுப் போட்ட காலைத் தூக்கி முன்னால் இருந்த நாற்காலியில் வைத்தாள். மைக் இல்லாமலே, பாசாரில் மீன் வாங்குகிற மலாயில் கேட்டாள்.

"கிளினிக் சானா. ருமா சினி. சாயா மாச்சாம் மானா மாவ் பெர்கி?"

கிளினிக் அங்கே, வீடு இங்கே, நான் எப்படிப் போவது? அவ்வளவுதான். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் அதிகாரி காலைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள். இது கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்றாள்.

கூட்டம் கலைந்தது. அதிகாரிகள் காரில் ஏறினார்கள். தலைவரைக் காணோமே என்று தேடினால், மூலைக் கடையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டித் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வேக வேகமாக வருகிறார். "துவான், துவான்" என்று கூப்பிட்டார். வண்டிகள் திரும்பிவிட்டன. நடு ரோட்டில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து பெட்டியை மண்டபத்துப் படியில் வைத்துவிட்டு, "நம்ம ஊருக்கு வந்து தாகத்தோட போறாங்கம்மா" என்றார். பேச முடியாமல் போனதைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்.

பாலம் வந்தது. வராமல் போகவில்லை. ஒரு நாள் இரண்டு பக்கமும் இரும்புப் படி முளைத்து, தண்டவாளத்துக்கு மேலே, மின்சாரக் கம்பிக்கும் மேலே, ஒரு கூண்டு மாதிரி நின்றது. மின்சாரக் கம்பிக்கு அவ்வளவு உயரம் வேண்டுமாம். அக்கா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "வழி கேட்டா மலையக் கட்டி வெச்சிருக்கானுங்க. தைப்பூசத்துக்கு இனிமே பத்துமலைப் படி ஏறப் போவ வேணாம், காவடிய இங்கயே எடுக்கலாம்" என்றாள். நாங்கள் சிரித்தோம். தலைவரும் சிரித்தார். அக்காவால் அந்தப் படியில் ஒரு முறைகூட ஏற முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ கூட்டம். செம்பனை ஆலையின் கழிவு நீரை ஆற்றில் விட அனுமதி கேட்டு ஒரு கூட்டம். மண் லாரி எந்த ரோட்டில் போகலாம் என்று ஒரு கூட்டம். அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே மாதிரி வரைபடம், அதே "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும்". ஆரம்பத்தில் மண்டபம் நிறைந்தது, பிறகு பாதி, பிறகு நாலைந்து பேர். ஜனங்களைக் குறை சொல்லி என்ன பயன், வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள். தலைவர் மட்டும் ஒன்றையும் விடவில்லை. முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, வணக்கம் எல்லாம் சொல்லாமல், எழுந்ததும் விஷயத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டார். ஆனால் விருந்து வைக்கவே இல்லை. மரியாதையும் மறுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல், ரொம்ப நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஏதோ திருடிவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். "என்ன, இன்னிக்கும் பட்டினி போட்டுட்டு வந்தாச்சா?" என்று அக்கா கேட்பாள். அது கேலியா ஆறுதலா என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் தலைவர் தவறிவிட்டார். தூக்கத்தில் போனது, யாருக்கும் சிரமம் வைக்கவில்லை. கார் வாசலில் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. அக்காவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டு மாற்றுவதைத் தவறவிட்டால் அடுத்து காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மகனுக்கு சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போனால் இருட்டித்தான் வருவான். அவன் லீவு நாளில் யாரிடமாவது கார் வாங்கி அக்காவைக் கூட்டிப் போவான். மற்ற நாளில் யார் வண்டி கிடைக்கிறது என்று வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான், புதிதாக ஒரு சின்ன பஸ் விடப் போகிறார்கள், ரயில் நிலையம், கிளினிக், பாசார் எல்லாம் சுற்றி வரும், அது எங்கே எங்கே நிற்க வேண்டும் என்று கருத்துக் கேட்கிறார்கள் என்று கோயில் பலகையில் ஒட்டியிருந்தது. என் மகன் வரைபடத்தைப் போனில் காட்டினான். நிற்கிற இடம் எல்லாம் அந்தப் பக்கம். எங்கள் பக்கம் ஒரு புள்ளி கூட இல்லை. கூட்டம் எங்கே என்று பார்த்தால், அதுவும் அந்தப் பக்கம், ஊர் மண்டபத்தில். பாலத்தைத் தாண்ட முடியாதவர்களுக்குத்தான் அந்த பஸ் வேண்டும், அதைப் பற்றிப் பேச, பாலத்தைத் தாண்டி வர வேண்டும்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ போறியாடி?"

"நானா? எனக்கு எங்கக்கா பேச வரும்?"

"எனக்கு மட்டும் வந்துச்சா? காலத் தூக்கி நாற்காலில வெச்சேன், அது பேசுச்சு."

போனேன். என் முட்டியும் நல்ல முட்டி இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, மூச்சு, ஒரு படி, மூச்சு என்று ஏறினேன். நடுவில் உட்கார்ந்தேன். கீழே ஒரு ரயில் போனது, இரும்பெல்லாம் நடுங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். இறங்கி, ஊர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீ கோரெங், கறி பஃப், ரோஸ் சிரப் தண்ணீர். மைக்கைக் கழற்றிச் சுருட்டிவிட்டார்கள்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தமிழ்ப் பையன் என்னைப் பார்த்து எழுந்து வரப் பார்த்தான். சட்டையில் எண்ணெய் தெறித்திருந்தது. "வாங்க ஆண்ட்டி, சாப்பிடுங்க. தட்டு அங்க இருக்கு" என்றான். நான் தட்டு எடுத்தேன். பசி. பாலம் ஏறி வந்த பசி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு, நான் பேசுவேன் என்று நானே நினைக்காத குரலில் சொன்னேன்.

"தம்பி, அந்த பஸ் எங்க பக்கம் வரணும். கோயில் வாசல்ல ஒரு தடவ நின்னா போதும்."

அவன் வாயில் இருந்ததை மென்று முழுங்கினான். "ஓ, ஆண்ட்டி அந்தப் பக்கமா? செஷன் முடிஞ்சிருச்சி லா. அந்தப் பக்கத்துலேருந்து யாரும் வரலியே. பரவால்ல, நான் ஆபீஸ்ல சொல்றேன். பார்ப்போம்."

பார்ப்போம். நான் வெற்றிலைத் தட்டோடு கார்ப் பக்கம் நின்றபோது கேட்ட அதே வார்த்தை, இப்போது தமிழில். இவனும் நல்ல பையன்தான். பொய் சொல்லவில்லை. நாளைக் காலையில் மறந்துவிடுவான், அவ்வளவுதான்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "எழுது தம்பி" என்றேன்.

"ஆண்ட்டி, சாப்பிட்டு எழுதறேன்."

"இல்ல. இப்ப எழுது."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் தட்டைப் பார்த்தான். மீ கோரெங் பாதி அப்படியே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாப்பிடுகிற பிள்ளையை எழுப்புகிறேன். தலைவர் இந்த மண்டபத்தில் இருந்திருந்தால் ஓடி வந்து என் தோளைப் பிடித்திருப்பார். ஆனாலும் நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பையன் எழுந்தான். போய்க் கையைக் கழுவினான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் பெயரைக் கேட்டு, வீட்டு எண்ணைக் கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினான். எழுதியதைப் படிக்கச் சொன்னேன். படித்தான். என்ன பிரச்சினை என்று ஒரு கோடு இருந்தது. அதில், கிளினிக் இங்கே, வீடு அங்கே, அக்காவால் ஏற முடியாது என்று எழுதச் சொன்னேன்.

அந்த பஸ் வருமா என்று எனக்குத் தெரியாது. வரும் என்று நம்புகிற வயதும் எனக்கு இல்லை. இவ்வளவு கூட்டம் பார்த்துவிட்டேன்.

திரும்பும்போது பாலத்தின் உச்சியில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலித்தது. போன் அடித்தது. அக்கா.

"என்னடி, சொன்னியா?"

"சொன்னேன்க்கா. எழுதிக்கிட்டான்."

"நெஜமாவா? எப்படி எழுதுனான்?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். எழுப்பி எழுத வெச்சேன்."

அதற்குள் கீழே ஒரு ரயில் வந்தது. அது போனதும் அக்கா சிரிப்பது கேட்டது. அவர் போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"சாப்பிடுறவன எழுப்பிட்டியா? அடிப்பாவி, அவரு இருந்திருந்தா உன்னைக் கோயிலுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாருடி."

"ஆமாக்கா" என்றேன்.

"சரி, பாத்து எறங்கு. கைப்பிடிய விடாத."